சும்மா கிடைத்ததற்கு எதற்கு உழைப்பு? நற்கிரியையும் கீழ்ப்படிதலும் – ஓர் எளிய விளக்கம்

புனித வெள்ளி கழிந்த இரண்டாம் ஞாயிறு. சேலத்தில் எங்கள் சபையின் திடப்படுத்தல் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா அம்மா வாங்கிக்கொடுத்த ஞானஸ்நானத்தை, வளர்ந்த பிள்ளை சபைக்கு முன்னால் நின்று ‘இது என் விசுவாசமும்தான்’ என்று சொல்லி ஏற்றுக்கொள்வதற்குத்தான் திடப்படுத்தல் என்று பெயர். அதற்கு முன் சில மாதங்கள் பாடம் நடக்கும். ஆயருக்கு நேரம் இல்லாத வாரங்களில் என்னைப் போன்றவர்கள் கையில் பிள்ளைகள் சிக்கிக்கொள்வார்கள்.

ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

“அங்கிள், சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன் ஒரு நல்லதுகூட செய்யல. சாகறதுக்கு முன்னாடி ரெண்டு வரி பேசினான். நேரா பரதீசு. அப்ப நான் மட்டும் எதுக்கு ஞாயித்துக்கிழமை தூக்கத்த விட்டுட்டு இங்க வந்து உக்காந்திருக்கேன்?”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து, “நல்ல கேள்வி, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று மழுப்பினேன். மழுப்பியது வீடுவரை உறுத்தியது. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நூற்றாண்டுக்கணக்கில் சண்டை மூட்டிய கேள்வி அது. அவள் அதைத் தூக்கத்தோடு முடிச்சுப் போட்டுக் கேட்டுவிட்டாள்.

கதை தெரியாதவர்களுக்காக: இயேசுவைச் சிலுவையில் அறைந்தபோது இருபுறமும் இரண்டு குற்றவாளிகளையும் அறைந்தார்கள். அவர்களில் ஒருவன் இயேசுவைப் பார்த்து, உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைத்தருளும் என்றான். ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று பதில் வந்தது. லூக்கா சுவிசேஷத்தின் 23ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. இயேசு சிலுவையில் பேசியவை என்று புனித வெள்ளியன்று மூன்று மணி நேரம் தியானிக்கும் ஏழு வார்த்தைகளில் இது இரண்டாவது.

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லது செய்தால் புண்ணியம், கெட்டது செய்தால் பாவம், கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதற்கேற்ற பலன் என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்களும் உள்ளுக்குள் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறோம். தசமபாகம் கொடுத்தேன், லெந்து என்ற தவக்கால நாட்களில் கறி சாப்பிடவில்லை, வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன் என்று வரவுப் பக்கம் நீளும். இந்தக் கணக்குப் பார்வையில் கள்ளனின் கதை ஒரு மோசடி. வரவே இல்லாத ஆளுக்கு எப்படிக் கணக்கு நேரானது?

கிறிஸ்தவப் போதனை இந்த நோட்டையே மூடச் சொல்கிறது. எபேசு ஊர்ச் சபையாருக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில், அப்போஸ்தலர் பவுல், ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்கிறார். கிருபை என்றால் தகுதி பாராமல் கிடைக்கும் தயவு. கத்தோலிக்கர் அருள் என்பார்கள். அது கிரியைகளினால், அதாவது நம் செயல்களால், உண்டானதல்ல, ஒருவரும் பெருமைபாராட்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இது 2ஆம் அதிகாரத்தின் 8, 9 வசனங்கள். பல வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதும் இந்த வரிகளைத்தான்.

சட்டத்துக்குள் 10ஆம் வசனம் வருவதில்லை. அதில் பவுல், நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் படைக்கப்பட்டிருக்கிறோம் என்கிறார். ஆக மூன்று வசனத்துக்குள் கிரியை இரண்டு முறை வருகிறது. முதல் முறை அதற்கு வாசலில் தடை. இரண்டாம் முறை வீட்டுக்குள்ளே அதற்குத்தான் முழு வேலையும். நற்கிரியையைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. உள்ளே வந்தவன் அதைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாது. நான் சொல்ல வந்தது அடிப்படையில் இவ்வளவுதான். ஆனால் சொன்னவுடன் புரிந்துவிடும் சமாசாரம் இல்லை.

பைபிளுக்குள்ளேயே இன்னொரு குரல் இருக்கிறதே! யாக்கோபு எழுதிய நிருபம், 2ஆம் அதிகாரம்: கிரியை இல்லாத விசுவாசம் செத்தது. உடுத்தத் துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாத ஒருவரைப் பார்த்து, ‘சமாதானமாகப் போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறார். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்புகிறாயா, நல்லது, பிசாசுகளும்தான் நம்பி நடுங்குகின்றன என்கிறார். வேதத்தில் இவ்வளவு எகத்தாளமாகப் பேசும் இடங்கள் குறைவு. எனக்கு யாக்கோபைப் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தருக்குப் பிடிக்கவில்லை. 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் இதை ‘வைக்கோல் நிருபம்’ என்று எழுதினார். விசுவாசத்தால் மட்டுமே ஒருவன் கடவுள் முன் நீதிமான் ஆகிறான் என்பதற்காக ரோமாபுரியின் கத்தோலிக்கத் தலைமையோடு மோதிக்கொண்டிருந்தவருக்கு, யாக்கோபு எதிராளி தரப்புச் சாட்சி போலத் தெரிந்ததில் வியப்பில்லை.

பவுல், யாக்கோபு இருவரும் யூதரின் மூதாதையான ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் பவுல் காட்டுவது பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரம். பிள்ளையில்லாத ஆபிரகாமுக்குக் கடவுள் வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்கிறார், ஆபிரகாம் நம்புகிறார். அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு காட்டுவது 22ஆம் அதிகாரம். கடவுள் கேட்டதற்காக அருமை மகன் ஈசாக்கைப் பலியிட அழைத்துப்போகும் இடம். 15ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்கு இன்னும் 86 வயது ஆகவில்லை. ஈசாக்கு பிறந்தபோது 100 வயது. 22ஆம் அதிகாரத்தில் அந்தப் பையன் விறகுக்கட்டைச் சுமந்து மலையேறும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். நம்பிக்கை எந்த நாளில் பிறந்தது என்று பவுல் சொல்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் அதற்கு உயிர் இருந்ததை யாக்கோபு எப்படிக் கண்டார் என்றால், மலையேறிய ஆபிரகாமின் கால்களை வைத்துத்தான்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அடகுக்கடையில் உட்கார்ந்திருந்தால் இது இன்னும் எளிதாகப் புரியும். கொண்டுபோன வளையலைக் கடைக்காரர் கறுப்புக் கல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். கல்லில் மஞ்சளாக ஒரு கோடு விழும். அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டு, கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பார். கல்லில் தேய்த்ததால் பித்தளை தங்கம் ஆகிவிடாது. பவுல் சொல்வது அது. ‘உரசவெல்லாம் விடமாட்டேன், ஆனால் இது சொக்கத் தங்கம்’ என்று சொல்பவருக்கு யாரும் பத்து ரூபாய்கூடத் தரமாட்டார்கள். யாக்கோபு சொல்வது இது. அந்தக் கல்லுக்குப் பழந்தமிழில் என்ன பெயர் தெரியுமா? கட்டளைக் கல். குறளிலேயே வரும் சொல். பத்துக் கட்டளை என்கிறோமே, அதே கட்டளை.

மரமும் கனியும் என்ற உவமையும் இயேசு சொன்னதுதான். ஒவ்வொரு மாம்பழ சீசனிலும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் புராட்டஸ்டன்ட், என் மனைவி கத்தோலிக்கக் குடும்பம். அதனால் எங்கள் வீட்டில் ‘நீங்கள் கிரியையால் மோட்சம் போகப் பார்க்கிறீர்கள்’, ‘நீங்கள் ஒன்றுமே செய்யாமல் போகப் பார்க்கிறீர்கள்’ என்ற பழைய சண்டை விளையாட்டாகவாவது நடக்கும். கொஞ்சம் படித்துப் பார்த்தபோது இருவருமே அடுத்தவரின் கேலிச்சித்திரத்தோடு சண்டை போடுகிறோம் என்று தெரிந்தது. லூத்தருக்கு மறுமொழியாக 1547இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் வெளியிட்ட தீர்மானத்தில் முதல் விதியே, கிருபை இல்லாமல் தன் கிரியையால் ஒருவன் நீதிமான் ஆகலாம் என்பவனைக் கண்டிக்கிறது. இந்தப் பக்கம் 1563இல் வந்த ஹைடல்பர்க் வினாவிடையைப் பாருங்கள். அது சீர்திருத்தச் சபைகளுடையது. அதில் மனிதனின் இழிநிலை ஒரு பகுதி, மீட்பு ஒரு பகுதி, நன்றி ஒரு பகுதி. பத்துக் கட்டளைகளின் விளக்கத்தை மூன்றாம் பகுதியில், நன்றிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அன்றிக் கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், ஏற்றவர் நற்செயலுக்கு நம்மை அழைக்கிறார். நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அந்தக் கூட்டமைப்பில் உறுப்புதான். வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் வீட்டுச் சண்டைக்கு இனி வேறு காரணம் தேட வேண்டும்.

இனி கீழ்ப்படிதல். இந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் முகம் சுருங்கிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பு வேறு ‘என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்’ என்கிறது. அங்கே கற்பனை என்றால் கட்டளை; இன்றைய பிள்ளைக்கோ இல்லாததை நினைப்பது. இல்லாததை எப்படிக் கைக்கொள்வது என்று ஒரு பையன் கேட்டான், நியாயம்தானே. ஆனால் நம் பேச்சுத் தமிழிலேயே நல்ல விளக்கம் கிடக்கிறது. “அவன் சொன்னா கேக்கமாட்டான்” என்றால் காது செவிடு என்றா அர்த்தம்? கேட்பதும் அதன்படி செய்வதும் நமக்கு ஒரே சொல். எபிரேயத்திலும் அப்படித்தான். ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் ஜெபத்தை யூதர்கள் இன்றும் சொல்கிறார்கள்; அங்கே கேள் என்றால் காதையும் காலையும் சேர்த்துக் கேட்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் கீழ்ப்படிதலுக்கான சொல், கேட்டல் என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். விசுவாசமும் இதே ரகம். நாய்க்கு இருக்கிற விசுவாசம் என்கிறோமே, அது நம்பிக்கையா, நன்றியா, உண்மையாக நிற்பதா? எல்லாமும்தான். கிரேக்க மூலச் சொல்லுக்கும் நம்புவது, நம்பிக்கைக்கு உரியவனாய் நிற்பது என்று இரு பொருளும் உண்டு. ‘நம்புகிறேன், ஆனால் கேட்கமாட்டேன்’ என்பதைத் தமிழில் சொல்லிப் பார்த்தாலே இடறுகிறது.

கடவுள் இஸ்ரவேலருக்குக் கொடுத்த பத்துக் கட்டளைகளைப் படிக்கும்போது ‘செய்யாதே’க்களுக்கு முன்னால் இருக்கும் வரியை நாம் தாண்டிவிடுகிறோம். அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின உன் தேவன் நானே. முதலில் விடுதலை, பிறகுதான் கட்டளை. ‘இந்தப் பத்தையும் ஒழுங்காகச் செய்தால் எகிப்திலிருந்து விடுவிக்கிறேன்’ என்று அவர் பேரம் பேசவில்லை.

என் மாமனார் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். மாமாவின் வாழ்க்கை முழுக்க அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் போனது. அவரிடம் இந்த வகுப்புக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, பழம் பறிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

“மாப்பிள்ளை, காபி ஒரே நாள்ல பழுக்காதுங்க. ஒரே கொத்துல சிவப்பும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், பச்சையும் இருக்கும். கிலோவுக்கு இவ்வளவு கூலின்னா, அவசரத்துல பச்சையும் சேர்ந்துதான் உருவி வரும். தப்புன்னு சொல்லமாட்டேன், அவங்களுக்கு வயித்துப்பாடு. சாயங்காலம் எடை போடற எடத்துல மேஸ்திரி சாக்கைக் கொட்டிப் பச்சையப் பொறுக்குவாரு, ஒரே சத்தமா இருக்கும். அதே ஆளு தன் சொந்தக் கொல்லையில நாலு செடி வெச்சிருந்தா பாருங்க. சிவந்தத மட்டும் ஒண்ணொண்ணா கிள்ளுவாரு. பச்சைய அடுத்த சுத்துக்கு விட்டுருவாரு. அங்க மேஸ்திரி யாரு இருக்கா?”

இயேசு சொன்ன இரண்டு கதைகள் எனக்கு அன்றுதான் ஒழுங்காகப் பிடிபட்டன. ஒன்று மத்தேயு 21இல் வருவது. அப்பா இரண்டு மகன்களையும் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொல்கிறார். ஒருவன் மாட்டேன் என்கிறான், பிறகு மனம் மாறிப் போகிறான். மற்றவன் ‘போகிறேன் ஐயா’ என்கிறான், போகவில்லை. அப்பாவின் விருப்பப்படி செய்தவன் எவன் என்று இயேசு கேட்கிறார். போகிறேன் ஐயா என்பவர்களால் நிறைந்தவைதான் நம் ஜெபக்கூட்டங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று லூக்கா 15, ஊதாரி மகன் கதை. சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு இளைய மகன் வெறுங்கையோடு திரும்புகிறான், அப்பா விருந்து வைக்கிறார். எல்லாரும் இளையவனையே பேசுவோம். மூத்தவன் பேசும் பேச்சைக் கவனியுங்கள். ‘இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்’ ஓர் ஆட்டுக்குட்டிகூட எனக்குத் தரவில்லையே என்கிறான். கீழ்ப்படிதலில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை வருஷமும் சொந்த வீட்டில் கூலிக்கு நின்றிருக்கிறான். எடை போடும் இடத்தில் மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது என்று அப்பா சொல்வது அவன் காதில் விழுந்ததா என்பதை லூக்கா எழுதவில்லை. தம்பி வீட்டை விட்டுப் போய்த் தொலைந்தான். அண்ணன் வீட்டுக்குள்ளேயே தொலைந்தவன். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலும் அண்ணன்கள்தான். பாடம் எடுப்பவனும் அந்த வகைதான்.

கூலிக்காரன் செய்யும் வேலையும் மகன் செய்யும் வேலையும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு கூடையிலும் பழம்தான். கிறிஸ்தவம் நற்கிரியை என்று சொல்வது மகன் கூடையில் விழுவதை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. கீழ்ப்படி என்ற சொல்லை வைத்துப் பலரை மிதித்திருக்கிறார்கள். அடிக்கும் கணவனுக்கு, கணக்குக் காட்டாத தலைவருக்கு, சாதி பார்த்து உட்காரவைக்கும் சபைக்குக் கீழ்ப்படி என்று வசனம் காட்டினால், அதே வேதத்தில் அப்போஸ்தலர் 5:29ஐத் திறந்து காட்டலாம். மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிட தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று இயேசுவின் சீடர் பேதுரு சொன்னது மதத் தலைவர்களின் முகத்தைப் பார்த்துத்தான். மனைவிகளுக்குச் சொன்ன எபேசியர் 5:22ஐ மேற்கோள் காட்டுபவர்கள் 21ஐயும் சேர்த்துப் படிக்கட்டும்: ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.

சரி, நற்கிரியை என்று எதைச் சொல்கிறோம்? ஏற்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற பெரிய நிறுவனங்கள்தான் நினைவுக்கு வரும். அவை ஒருபுறம் இருக்கட்டும். மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கப்படும் கேள்விகளுக்குக் கட்டடமே தேவையில்லை. பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், துணி, அந்நியனுக்கு இடம், நோயாளியையும் சிறையில் இருப்பவனையும் போய்ப் பார்ப்பது. இந்த ஆறோடு, தோபித்து நூலை ஒட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்வதையும் சேர்த்துக் கத்தோலிக்கர் ஏழாகச் சொல்வார்கள். அந்த நூல் எங்கள் பைபிளில் இல்லை, ஆனால் கல்லறைக்குத் தோள் கொடுக்க அது தேவையா என்ன?

ஒரு டிசம்பரில் நாங்கள் சிலர் ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்துக்குப் போர்வை கொண்டுபோனோம். பேனர் இருந்தது, கேமரா இருந்தது. ஓர் ஆயா கையில் போர்வையைக் கொடுத்து, பத்துப் பேர் சுற்றி நின்று, இந்தப் பக்கம் பாருங்க, இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தோம். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. மடிப்புக் கலையாத போர்வையை நீட்டிப் பிடித்தபடியே அந்த ஆயா கேட்டார்:

“போட்டோ எடுத்தாச்சா கண்ணு? இனி போத்திக்கட்டுமா?”

மலைப்பிரசங்கத்தில் இயேசு, தர்மம் செய்யும்போது முன்னால் தாரை ஊதுபவர்களைப் பற்றி, அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது என்கிறார். கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் அன்றைய ரசீதுகளில் எழுதுவது: முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன். எங்கள் ரசீது வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, 60 லைக்கோடு. இன்னொன்றும் இருக்கிறது. ஏற்காடு போகும் பஸ் அஸ்தம்பட்டி வழியாகத்தான் போகும். அந்தப் பகுதியில்தான் சேலம் மத்திய சிறை. பட்டியலில் இருக்கும் சிறையைத் தாண்டித்தான், துணி கொடுக்க 20 கொண்டை ஊசி வளைவு ஏறினோம்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் முதலில் சகேயு கதையைச் சொன்னேன். ஊரை ஏய்த்துச் சம்பாதித்த வரி வசூல் தலைவன். இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்ன பிறகு, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது எதுவானாலும் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றவன். விருந்தாளி வந்த பிறகுதான் பணப்பெட்டி திறந்தது.

பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “கள்ளன் ஒண்ணுமே செய்யலன்னு சொன்ன. அவனுக்குக் கை எங்க இருந்துச்சு?”

“ஆணியில.”

“கால்?”

“அதுவும்தான்.”

மிச்சம் இருந்தது நாக்கு. மத்தேயு எழுதியதைப் பார்த்தால் ஆரம்பத்தில் இரண்டு கள்ளருமே இயேசுவை ஏசியிருக்கிறார்கள். லூக்காவில் இவன் மற்றவனை அதட்டுகிறான். நாம் நமக்குத் தக்க தண்டனையைத்தான் அனுபவிக்கிறோம், இவரோ ஒரு தப்பும் செய்யாதவர் என்கிறான். அதிகாரிகளும் போர்ச்சேவகர்களும் பரியாசம் செய்துகொண்டிருந்த அந்த இடத்தில், ஒரு நிரபராதிக்காக அப்போது வாய் திறந்தவன் அவன்தான். தன் குற்றத்தையும் அதே மூச்சில் ஒத்துக்கொண்டான். அசைக்க முடிந்த ஒரே உறுப்பால் அவ்வளவையும் செய்துவிட்டான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப அவன கீழ இறக்கி விட்டிருந்தா, யார்கிட்ட திருடினானோ அவங்க வீட்டுக்குப் போயிருப்பான்ல, சகேயு மாதிரி?”

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்துப் பையன் முந்திக்கொண்டான். “நாலு மடங்கு குடுக்கணும்னா மறுபடி திருடித்தான் ஆகணும்.”

அன்றைக்கு வகுப்பு அத்தோடு முடிந்தது.